கேரவனின் பிரேக்அவே கம்பியை வண்டியில் எங்கே மாட்டுவது?

அல்சூர்வாசி

வணக்கம். பெங்களூரில் கேரவன் இழுத்துப் போகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் விஷயம் தெரிந்தவர்கள் யாராக இருந்தாலும் பதில் சொல்லுங்கள்.

எங்கள் கேரவன் சின்னது. முழுச் சுமையோடு 1,200 கிலோ. ஆக்ஸில், டிராபார் (முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இழுவைத் தண்டு), கப்ளிங் (அதன் நுனியில் வண்டியோடு பூட்டுகிற தலை) மூன்றும் ஜெர்மனியில் செய்தவை, மேல்கூடு இங்கேயே ஃபைபரில் கட்டியது. பிரேக் ஓவர்ரன் வகை. முன்னால் போகிற வண்டி வேகத்தைக் குறைத்தால் கேரவன் அதை முட்டித் தள்ளும், அந்தத் தள்ளலிலேயே கேரவனின் பிரேக் பிடிக்கும். இழுக்கிற வண்டி இசுஸு டி-மேக்ஸ். அதன் பின்னால் உள்ள டோ பார் என்கிற இழுவைச் சட்டத்தில் டோ பால், அதாவது கப்ளிங் உட்காருகிற இரும்பு உருண்டை, கழற்றி மாட்டுகிற வகை.

ஹேண்ட்பிரேக் லீவரின் அடியிலிருந்து சிவப்பு பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு ஸ்டீல் கம்பி வருகிறது. நுனியில் ஸ்பிரிங் கொக்கி. இதுதான் பிரேக்அவே கம்பி. டோ பார் பொருத்திய கடையில் அந்தக் கம்பியை டோ பாலின் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "அவ்வளவுதான் சார், கிளம்புங்க" என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. கம்பி சைக்கிள் பிரேக் கேபிளைவிடக் கொஞ்சம்தான் தடிமன். 1,200 கிலோவை அது எப்படித் தாங்கும்?

அடுத்த மாதம் குடும்பத்தோடு ஏற்காடு போகிறோம். வழியில் தொப்பூர் கணவாய் இறக்கம் இருக்கிறது, அது எப்படிப்பட்ட இடம் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். சேலத்துக்கு அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவுகள். கம்பியை எங்கே மாட்ட வேண்டும், எவ்வளவு தளர்வு விட வேண்டும், இந்தத் தடிமன் போதுமா என்று சொல்லுங்கள்.

கே.ஆர்.புரம்_பிக்கப்

ப்ரோ, அந்தக் கம்பியைப் பார்த்தால் எனக்கும் நம்பிக்கை வரவில்லை. எஸ்.ஜே.பி. ரோட்டில் 8 மி.மீ. ஸ்டீல் வயர் ரோப் கிடைக்கும், இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு டி-ஷாக்கிள் மாட்டிக் கொடுப்பார்கள். அதைப் போட்டுவிடுங்கள். கப்ளிங் கழன்றாலும் கேரவன் உங்களை விட்டுப் போகாது. பின்னால் பைக்கில் வருகிறவனை நினைத்துப் பாருங்கள்.

பீன்யா_லேத்

பிக்கப் தம்பி, பின்னால் வருகிறவனைப் பற்றி யோசித்தீர்கள், அது சரி. ஆனால் தடிமனான ரோப் போடுங்கள் என்று சொன்னதை யாரும் செய்துவிடக் கூடாது. நான் வேலை பார்த்த காலமெல்லாம் டிரெய்லர் பிரேக்கோடுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்தக் கம்பி கேரவனைத் தாங்குவதற்காக வைத்தது இல்லை. கேரவன் தனியாகக் கழன்றுபோனால், போகிற போக்கில் அதன் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிடத்தான் இருக்கிறது. கப்ளிங் டோ பாலை விட்டு எகிறுகிறது, வண்டி முன்னே போகிறது, கேரவன் பின்தங்குகிறது, இடைவெளி கூடக் கூடக் கம்பி விறைத்து லீவரை இழுக்கிறது. லீவர் ஓர் அளவு தாண்டியதும் அதற்கு அடியில் இருக்கிற கேஸ் ஸ்ட்ரட்டோ (வாயு அழுத்தத்தில் தள்ளுகிற தண்டு) ஸ்பிரிங்கோ மிச்சத்தைத் தானே தூக்கி பிரேக்கை முழுசாகப் பிடிக்க வைக்கிறது. அதற்கப்புறம் கம்பிக்கு வேலை இல்லை. அது அறுந்துவிட வேண்டும். அறுந்தால்தான் பிரேக் பிடித்த கேரவன் தனியாக நிற்கும்.

அறுந்துபோகாத ரோப் போட்டால் என்ன ஆகும்? பிரேக் பிடித்த 1,200 கிலோ, மூக்கு தார்ச்சாலையில் குத்தியபடி, உங்கள் வண்டியின் பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு வரும். டிராபார் ஒரு பள்ளத்தில் மாட்டினால் கேரவன் எந்தப் பக்கம் எகிறும் என்று யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் பிரேக் அழுத்தினால் அதே கேரவன் பின்னால் வந்து மோதும். ஃப்யூஸ் போன இடத்தில் தடிமனான கம்பியைச் சுற்றி வைப்பது போலத்தான் இது. லீவரைத் தூக்கும் அளவுக்கு பலம், அதற்கு மேல் போனால் அறுகிற அளவுக்கு மெலிவு, இரண்டையும் கணக்குப் போட்டுத்தான் அந்தக் கம்பியைச் செய்திருக்கிறார்கள். அதை மாற்ற வேண்டி வந்தால் அதே கப்ளிங் தயாரிப்பாளரின் கம்பியையே வாங்குங்கள்.

இனி மாட்டுகிற இடம். அல்சூர் தம்பி, உங்கள் மனசு ஒப்பாதது சரிதான். டோ பால் கழுத்தில் வெறுமனே சுற்றிவிட்டால் இரண்டு ஆபத்து. கப்ளிங் மேலே எகிறுகிற அதே நொடியில் அந்தச் சுற்றும் பால் மேலேறி நழுவி வந்துவிடலாம். நழுவினால் லீவர் இழுபடவே இழுபடாது. இரண்டாவது, உங்கள் டோ பால் கழற்றுகிற வகை. பூட்டு சரியாக விழாமல் அந்தக் கழுத்தே பிடியிலிருந்து வெளியே வந்துவிட்டால், பாலும் கம்பியும் சேர்ந்து கேரவனோடு போய்விடும். கம்பி விறைக்க எதிர்முனையில் ஒன்றுமே இருக்காது.

ஆகவே வண்டியின் சேஸிஸில் போல்ட் போட்டு நிரந்தரமாக நிற்கிற பாகத்தில்தான் மாட்ட வேண்டும். நெதர்லாந்திலும் சுவிட்சர்லாந்திலும் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். அங்கே கழுத்தில் சுற்றிக்கொண்டு போனால் அபராதம்.

அல்சூர்வாசி

சார், இப்போதுதான் தெளிவாகப் புரிகிறது, ரொம்ப நன்றி. அறுந்துபோக வேண்டும் என்று யாருமே எனக்குச் சொல்லவில்லை.

டார்ச் அடித்து டோ பாரை முழுசாகப் பார்த்தேன். கம்பி மாட்டுவதற்கென்று வளையம் எதுவும் இல்லை. லைட் பிளக் சொருகுகிற சாக்கெட்டைத் தாங்குகிற தகட்டில் ஒரு துளை இருக்கிறது, கொக்கி அதில் அளவாக நுழைகிறது. அதை உபயோகிக்கலாமா? இல்லை, பம்பருக்கு அடியில் ஒரு வளையம் வெல்டிங் அடிக்கச் சொல்லட்டுமா?

பீன்யா_லேத்

இரண்டுமே வேண்டாம். சாக்கெட் தகடு மெல்லிசு, சாக்கெட்டின் எடைக்காக மட்டும் வைத்தது. கம்பி வெட்டி இழுக்கிற வேகத்தில் அது மடங்கிக் கிழிந்துவிடும், லீவர் அசையாது. பம்பரிலும் அதே கதை. டோ பாரின் மெயின் குழாயில் வெல்டிங் அடிப்பதும் வேண்டாம். சூடு பட்ட இடத்தில் இரும்பின் குணம் மாறிவிடும், பாரம் தாங்குகிற பாகத்தை அப்படிக் கெடுக்கக் கூடாது.

உங்கள் டோ பாரில் கழற்றும் கழுத்தைப் பிடித்திருக்கிற ரிசீவர், குறுக்குக் குழாயோடு போல்ட்டால் இணைந்திருக்கும். அந்த போல்ட்டுகளுக்குக் கீழேயே வளையம் உள்ள ஒரு தகட்டைச் சேர்த்து முடுக்கலாம். வெளிநாட்டில் ரெடிமேடாகக் கிடைக்கிறது, இங்கே பீன்யாவில் நல்ல தகடாக வெட்டி, துளை போட்டு, விளிம்பை மழுக்கித் தரச் சொல்லுங்கள். விளிம்பு கூர்மையாக இருந்தால் கம்பியை அதுவே அறுத்துவிடும்.

இரண்டு போல்ட் ஃப்ளாஞ்ச் வகை டோ பால் வைத்திருப்பவர்களுக்கும் இதே வழிதான். ஐரோப்பிய அளவில் அது எம்16 போல்ட், மையத்துக்கு மையம் 90 மி.மீ., 8.8 கிரேடு. தகடு நுழைந்ததால் போல்ட்டின் நீளம் அந்த அளவுக்குக் குறையும், ஆகவே நட்டுக்கு வெளியே மரை நன்றாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் நீளமான போல்ட் வாங்குங்கள். பழைய லாக் நட்டைத் திரும்பப் போடாதீர்கள்.

வளையம் டோ பாலின் நடுக்கோட்டுக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறதோ அவ்வளவு நல்லது. 100 மி.மீ.க்குள் இருக்கட்டும். தள்ளி ஒரு ஓரமாக இருந்தால் ஒரு பக்கம் திரும்பும்போது கம்பி விறைக்கும், இன்னொரு பக்கம் தொங்கும்.

மலைப்பாதை

நான் கேம்பிங் டிரெய்லர் இழுக்கிறவள். இதே ஓவர்ரன் பிரேக், இதே சிவப்புக் கம்பி. சார் இடத்தைச் சொல்லிவிட்டார், நான் கம்பி போகிற வழியைச் சொல்கிறேன். நான் பார்த்த வண்டிகளில் தப்பு அதிகமும் அங்கேதான்.

கப்ளிங்குக்கு அடியில், டிராபாரை ஒட்டி, ஒரு சின்ன வளையமோ பிளாஸ்டிக் வழிகாட்டியோ இருக்கும். கம்பி அதற்குள் நுழைந்துதான் முன்னால் வர வேண்டும். அதை விட்டுவிட்டு மேலே இஷ்டத்துக்குப் போட்டால், கேரவன் கழன்று ஒரு பக்கமாகத் திரும்பும்போது இழுவை லீவரின் நேர்கோட்டில் வராது. லீவரைப் பக்கவாட்டில் இழுத்தால் அது எழாது. பல வண்டிகளில் இந்த வழிகாட்டி உடைந்தோ காணாமலோ இருக்கும். முதலில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து ஜாக்கி வீல், அதாவது கழற்றி நிறுத்தும்போது டிராபாரைத் தாங்குகிற, உயரம் ஏற்றி இறக்குகிற சின்னச் சக்கரம். நிறுத்தும்போது கம்பி கீழே தொங்கக் கூடாது என்று ஜாக்கி வீலின் கைப்பிடியில் சுற்றி வைப்பார்கள். கிளம்புகிற அவசரத்தில் அதை முழுசாகப் பிரிக்க மாட்டார்கள். கொக்கி வண்டியில் மாட்டியிருக்கும், நடுவில் ஒரு சுற்று ஜாக்கி வீலில் கிடக்கும். பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும், ஆனால் இழுவை முழுவதும் ஜாக்கி வீலோடு நின்றுவிடும். மாட்டிய கையோடு லீவரிலிருந்து கொக்கி வரைக்கும் கம்பியை விரலால் தடவிக்கொண்டே வாருங்கள். உறை எங்காவது உரிந்து, உள்ளே ஒரு இழை அறுந்து முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தாலும் அப்போதே கையில் படும்.

தளர்வு எவ்வளவு என்பதற்கு அங்குலக் கணக்கு கிடையாது, ஒவ்வொரு வண்டிக்கும் மாறும். காலியான மைதானத்துக்குப் போய், ஒருவர் வெளியே நின்று பார்க்க, ஸ்டியரிங்கை முழுசாக இடப்பக்கம் ஒடித்து மெதுவாக ஒரு அரை வட்டம், அப்புறம் வலப்பக்கம். எந்தக் கோணத்திலும் கம்பி விறைக்கக் கூடாது. விறைத்தால் ஒவ்வொரு வளைவிலும் ஹேண்ட்பிரேக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். ஏற்காடு மாதிரி பாதையில் பிரேக் ஷூ தேய்ந்துகொண்டே போய் டிரம் சூடாகிவிடும், இறங்கி வரும்போது பிரேக் சரியாகப் பிடிக்காது. அதே சமயம் தரையையும் தொடக் கூடாது. நம் ஊர் ஸ்பீடு பிரேக்கர்களை ஐரோப்பாக்காரன் கணக்கில் எடுத்திருக்க மாட்டான். பின்சக்கரம் ஹம்ப்பில் இறங்கும்போது வண்டியின் பின்பக்கம் தாழும், அப்போது தொங்குகிற கம்பி தாரில் உரசும். உயரமான ஒரு ஹம்ப்பில் ஏற்றி இறக்கி, ஆளை உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.

நீளம் அதிகமாக இருந்தால் முடிச்சுப் போடாதீர்கள். முடிச்சு விழுந்த இடத்தில் கம்பி எந்த பலத்தில் அறுகும் என்று யாருக்கும் தெரியாது. சரியான நீளத்தில் புதிதாக வாங்குவதுதான் வழி.

யாரா_நதி

மெல்பர்னில் சில வருடங்கள் இருந்துவிட்டு இப்போது ஒயிட்ஃபீல்டில் இருக்கிறேன். எலக்ட்ரிக் பிரேக் வைத்த கேரவன் யாராவது கட்டினால் உதவும் என்று எழுதுகிறேன், அங்கே அதுதான் அதிகம்.

அதில் கம்பி ஹேண்ட்பிரேக்கை இழுக்காது, ஒரு சுவிட்சிலிருந்து பின்னைப் பிடுங்கும். பின் வெளியே வந்ததும் கேரவனில் இருக்கிற தனி 12 வோல்ட் பேட்டரியிலிருந்து பிரேக் காந்தங்களுக்கு மின்சாரம் போய்ச் சக்கரங்கள் பிடிக்கும். ஆஸ்திரேலியாவில் 2 டன்னுக்கு மேல் உள்ள டிரெய்லர்களுக்கு இது கட்டாயம். கழன்ற பிறகு குறைந்தது 15 நிமிடம் பிரேக் பிடித்தபடி இருக்க வேண்டும். அமெரிக்க விதியிலும் அதே 15 நிமிடம்தான்.

இதில் பேட்டரிதான் உயிர். மழைக்காலம் முழுக்க ஓரமாக நிறுத்திவிட்டு அக்டோபரில் எடுத்தால் அது செத்திருக்கும், சுவிட்ச் இருந்தும் பயனில்லை. சோதித்துப் பார்க்க, முதலில் வண்டிக்கும் கேரவனுக்கும் நடுவில் உள்ள பிளக்கைக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் வண்டியில் உள்ள பிரேக் கன்ட்ரோலர் கெட வாய்ப்பு உண்டு. பிறகு பின்னைப் பிடுங்கி, மெதுவாக ஒரு அடி நகர்த்துங்கள். சக்கரம் பிடித்து இழுத்தால் சரி. உடனே பின்னைத் திரும்பச் சொருகுங்கள், ரொம்ப நேரம் விட்டால் பேட்டரி இறங்கும், காந்தமும் சூடாகும்.

மாட்டுகிற இடம் பற்றி சார் சொன்னதுதான் இதற்கும். கழற்றும் பாகத்தில் வேண்டாம், சங்கிலியிலும் வேண்டாம். சங்கிலி அறுந்தால் சுவிட்சும் அதோடு போகும்.

கே.ஆர்.புரம்_பிக்கப்

பீன்யா சார், ரோப் விஷயம் ஏற்றுக்கொண்டேன். ஆனால் ஆஸ்திரேலியாவில் சங்கிலியும் போடுகிறார்களே? அப்படியானால் கேரவன் விட்டுப் போகக் கூடாது என்று அவர்களும்தானே நினைக்கிறார்கள்? எங்கள் ஊர்ப் பக்கம் டிராக்டர் டிரெய்லரிலும் சங்கிலி உண்டு.

பீன்யா_லேத்

நியாயமான கேள்வி. இரண்டு வழியும் உலகத்தில் இருக்கிறது. பிரேக்கே இல்லாத சின்ன டிரெய்லர், ஐரோப்பாவில் 750 கிலோ வரை, அதற்குச் சங்கிலிதான். பிடிக்க பிரேக் இல்லையே, அதனால் பிடித்து வைத்துத்தான் ஆக வேண்டும். கழன்றாலும் டிராபார் தரையில் குத்தாதபடி நீளத்தை அளந்து போட வேண்டும். பிரேக் உள்ளதற்கு, ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 13ஆம் எண் பிரேக் விதி, கழன்றால் தானாக நிற்க வேண்டும் என்கிறது. 1,500 கிலோ வரை அதற்குப் பதிலாகச் சங்கிலியையும் அனுமதிக்கிறது. ஆஸ்திரேலியாவில் சங்கிலியைத் தாங்குகிற மாதிரி டோ பாரையும் டிராபாரையும் ஷாக்கிளையும் சேர்த்தே வடிவமைத்துத் தருகிறார்கள், எல்லாவற்றிலும் பாரம் குறித்திருக்கும்.

அல்சூர் தம்பியின் டிராபாரில் சங்கிலிக்கு இடமே இருக்காது. இல்லாத இடத்தில் நாமே சங்கிலி போட்டால், கப்ளிங் கழன்ற பிறகும் கேரவன் சங்கிலியில் தொங்கும், கம்பி விறைக்கிற தூரமே வராது. பிரேக் பிடிக்காத கேரவன் சங்கிலியோடு ஆடிக்கொண்டு வரும். இந்தக் கப்ளிங்கில் கம்பி ஒன்றையே ஒழுங்காக மாட்டினால் போதும்.

நெடுஞ்சாலை_நண்பன்

கம்பி கடைசி காவல், சரி. ஆனால் கப்ளிங் எதற்காகக் கழல வேண்டும்? இதையும் பேசிவிடலாம். பெங்களூரில் ஜே.சி. ரோடு கடைகளில் விற்கிற டோ பால் பலவும் 2 அங்குலம், அதாவது 50.8 மி.மீ. ஐரோப்பியக் கப்ளிங் 50 மி.மீ.க்குச் செய்தது, 2 அங்குல பாலில் அது முழுசாக இறங்கிப் பூட்டாது. பூட்டின மாதிரி உட்கார்ந்துவிடும், அதுதான் பயம். மாறாக 2 அங்குலக் கப்ளிங்குக்கு 50 மி.மீ. பால் போட்டால் ஆட்டம் இருக்கும். வெர்னியர் வைத்து அளந்துவிடுங்கள். புதிய 50 மி.மீ. பால் 49.61க்கும் 50க்கும் நடுவில் காட்டும், 49க்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும்.

மாட்டியதும் கப்ளிங்கில் பூட்டியதைக் காட்டுகிற பச்சைக் குறி தெரிகிறதா என்று பாருங்கள். அப்புறம் ஜாக்கி வீலைச் சுற்றி, வண்டியின் பின்பக்கத்தையே ஓரிரு அங்குலம் மேலே தூக்கிப் பாருங்கள். கப்ளிங் விடாமல் வண்டியும் சேர்ந்து எழுந்தால் பூட்டியிருக்கிறது என்று நம்பலாம்.

இன்னொன்று, டோ பாலின் உயரம். ஐரோப்பிய அளவில் வண்டியில் சுமை ஏற்றிய நிலையில் பாலின் மையம் தரையிலிருந்து 350 முதல் 420 மி.மீ. நம் ஊரில் பிக்கப் வண்டிக்கு டோ பாரை ரொம்ப மேலே கட்டிவிடுகிறார்கள். கேரவன் மூக்கைத் தூக்கிக்கொண்டு போகும், நிலையும் கெடும், கம்பியின் தளர்வும் மாறும்.

அல்சூர்வாசி

எல்லோருக்கும் நன்றி. பாலை அளந்தேன், 49.8. உயரம் 440 வந்தது, ரிசீவரைக் கீழே இறக்குகிற பிராக்கெட் கேட்டிருக்கிறேன்.

பீன்யாவில் தகடு வெட்டி ரிசீவர் போல்ட்டோடு சேர்த்தாயிற்று, வளையம் நடுக்கோட்டிலிருந்து 60 மி.மீ.யில் இருக்கிறது. வழிகாட்டி வளையம் எங்கள் டிராபாரில் இருக்கிறது, கம்பியை அதற்குள் நுழைத்துவிட்டேன். பழைய ஏர்போர்ட் ரோடு பக்கத்தில் ஒரு மைதானத்தில் இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்துப் பார்த்தோம், தங்கை கீழே உட்கார்ந்து பார்த்தாள். விறைக்கவும் இல்லை, தரையைத் தொடவும் இல்லை.

இரண்டு சந்தேகம் மிச்சம். கொக்கியை வளையத்தில் நேராக மாட்டலாமா, இல்லை கம்பியை வளையத்துக்குள் விட்டுத் திருப்பி அதே கம்பியின் மேல் கொக்கியை மாட்ட வேண்டுமா? அப்புறம், லீவர் நிஜமாகவே இழுபடுமா என்று கழன்று போகாமலே எப்படிச் சோதிப்பது?

மலைப்பாதை

கொக்கியைப் பொறுத்தது தம்பி. சில கொக்கிகள் சன்னமான ஸ்பிரிங் வாய் வைத்தவை. நேராக மாட்டினால் இழுவை முழுவதும் அந்த வாயில் விழும், லீவர் எழுவதற்கு முன்பே அது திறந்துகொள்ளும். அந்த வகையைத் திருப்பித் தன் மேலேயே மாட்ட வேண்டும். தடிமனான காரபைனர் கொக்கி என்றால் வளையத்தில் நேராகப் போடலாம். உங்கள் கப்ளிங்கோடு வந்த கையேட்டில் படம் போட்டிருக்கும், அதில் உள்ளபடியே செய்யுங்கள். திருப்பி மாட்டினால் நீளம் குறையும், அதனால் மைதானத்தில் பார்த்ததை இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.

பீன்யா_லேத்

சோதனை இப்படி. சமதரை. கேரவனை வண்டியிலிருந்து கழற்றி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஹேண்ட்பிரேக்கை இறக்குங்கள். கம்பியை வழிகாட்டி வழியாகவே, வண்டி நிற்கிற திசையில் நேராக இழுங்கள். லீவர் தடங்கல் இல்லாமல் எழ வேண்டும். கேஸ் ஸ்ட்ரட் வகையில் பாதிக்கு மேல் சட்டென்று துள்ளி எழும், முகத்தையும் கையையும் அதன் பாதையில் வைக்காதீர்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

எழுந்த பிறகு கட்டையை எடுத்துவிட்டுக் கேரவனை முன்னால் தள்ளிப் பாருங்கள், அசையக் கூடாது. பின்னால் தள்ளினால் கொஞ்சம் நகர்ந்துதான் பிடிக்கும், பயப்பட வேண்டாம். ரிவர்ஸ் எடுக்கும்போது பிரேக் பிடித்துக்கொள்ளாமல் இருக்க ஷூவைத் தானாக விடுவிக்கிற அமைப்பு உள்ளே இருக்கிறது. பின்னால் உருளும்போது அது முதலில் விடும், உடனே ஸ்ட்ரட் லீவரை இன்னும் மேலே தூக்கி அந்தத் தளர்வை எடுத்துக்கொள்ளும். லீவர் முழு உயரத்துக்குப் போக இடம் இருக்க வேண்டும் என்பது அதற்காகத்தான். லீவருக்கு மேலே கேஸ் சிலிண்டர் பெட்டியின் மூடியோ வேறு எதுவோ இடிக்கிறதா என்று பாருங்கள், மேல்கூடு இங்கே கட்டியது என்பதால் சொல்கிறேன்.

லீவர் முழுசாக எழுந்தும் சக்கரம் சுற்றினால் கோளாறு கம்பியில் இல்லை, பிரேக் ஷூ அட்ஜஸ்ட்மென்டில். முதலில் டிரம்மில் ஷூவைச் சரிசெய்து, அப்புறம்தான் லீவரிலிருந்து பிரேக்குக்குப் போகிற ராடையும் கேபிளையும் தொட வேண்டும். ராடை முடுக்கி ஷூவின் தேய்மானத்தை மறைக்கிறவர்கள் உண்டு, அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

தொப்பூரில் இறங்கும்போது கியரைக் குறைத்தே போங்கள். இறக்கம் முழுக்க ஓவர்ரன் பிரேக் உரசிக்கொண்டே இருக்கும். கீழே இறங்கியதும் ஓரமாக நிறுத்தி, ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) பக்கத்தில் கையைக் கொண்டு போய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அனலாக அடித்தால் மேலே ஏற்காட்டுக்கு ஏறாமல் சேலத்திலேயே காட்டிவிடுங்கள்.

அல்சூர்வாசி

சோதித்துவிட்டேன் சார். லீவர் எழுகிறது, முன்னால் அசையவில்லை. மேலே மூடி இடிக்கவில்லை, இரண்டு விரல் இடைவெளி இருக்கிறது. கொக்கி தடிமனான வகை, கையேட்டுப் படத்தில் நேராக மாட்டித்தான் காட்டியிருக்கிறார்கள்.

கம்பியில் கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு இடத்தில் உறை உரிந்து, உள்ளே லேசாகத் துரு தெரிகிறது. கடைக்காரர் கழுத்தில் சுற்றிய அதே இடம். இழை எதுவும் அறுந்திருக்கவில்லை. ஏற்காடு வரை போதுமா?

பீன்யா_லேத்

போதாது, மாற்றிவிடுங்கள். உறை போன இடத்தில் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும், வெளியே லேசாகத் தெரிந்தால் உள்ளே எவ்வளவு என்று தெரியாது. லீவர் எழுவதற்கு முன் அங்கேயே அறுந்துவிட்டால் இவ்வளவு செய்ததும் வீண். அதே தயாரிப்பாளரின் கம்பியில் இரண்டு வாங்குங்கள், ஒன்று மாட்ட, ஒன்று கேரவன் டூல் பெட்டியில் வைக்க. ஒரு தடவை முழு வேகத்தில் இழுபட்ட கம்பியும், மடங்கி நெளிந்த கம்பியும் திரும்ப மாட்டக் கூடாது, பார்க்க நன்றாக இருந்தாலும்.

அல்சூர்வாசி

சரி சார், ஆர்டர் போட்டுவிட்டேன். கம்பி வந்த பிறகே கிளம்புகிறோம்.